ஒரு மூக்கு வித்தியாசம்: பழைய ரேஸ் போட்டோக்களைப் படிப்பது எப்படி?

1821-இல் ழெரிகோ என்ற பிரெஞ்சு ஓவியர் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை வரைந்தார். அந்த ஓவியம் இப்போது பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. நெட்டில் தேடினால் உடனே கிடைக்கும், ஒருமுறை பாருங்க. கருமேகம், பச்சைப் புல்வெளி, அதன்மேல் நான்கு குதிரைகள். முன்னங்கால்கள் முன்னால் நீட்டி, பின்னங்கால்கள் பின்னால் நீட்டி, நான்கு காலும் தரையில் படாமல் பறக்கின்றன. பார்க்க அருமையா இருக்கும். ஆனால் உலகத்தில் எந்தக் குதிரையும் இப்படி ஓடியதில்லை.

ழெரிகோவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் குதிரைகளை நன்றாக அறிந்தவர். அவர் காலத்து ஓவியர்கள் பலரும் அப்படித்தான் வரைந்தார்கள். பிரச்சினை நம் கண்ணில். பாயும் குதிரையின் கால்களைப் பிரித்துப் பார்க்க அதற்கு வேகம் போதாது. கால் எங்கே இருந்தது என்பதில் கண் ஏமாந்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மூக்கு முதலில் கோட்டைத் தொட்டது என்பதில் ஏமாந்தால்? அங்கே ஆயிரக்கணக்கானவர்களின் பணம் இருக்கிறது. பழைய குதிரைப் பந்தய போட்டோக்களின் கதை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னரும் ரயில்வே முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று 25,000 டாலர் பந்தயம் கட்டினார்; அதை நிரூபிக்க எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராபரைக் கூப்பிட்டார். யூடியூபில் பாதி வீடியோ இந்தக் கதையோடுதான் தொடங்கும். கதை சூப்பர், ஆதாரம்தான் இல்லை. அந்தக் காலத்து ஆவணங்களில் இப்படி ஒரு பந்தயம் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பந்தயக் குதிரைகளை வளர்த்தவர், அவற்றின் நடையைப் புரிந்துகொண்டு பயிற்சியை மேம்படுத்த விரும்பியவர். பிரான்சில் மாரே என்ற உடலியல் விஞ்ஞானி குதிரையின் குளம்பில் காற்றுப்பை பொருத்தி, ஒவ்வொரு கால் எப்போது தரையில் படுகிறது என்று கிராஃப் போட்டு 1873-இல் புத்தகமே எழுதியிருந்தார். அந்த ஆராய்ச்சியும் ஸ்டான்ஃபோர்டைத் தூண்டியது. பந்தயம் இல்லாமலே இது நல்ல கதைதான். ஆனால் "பெட்" என்ற வார்த்தை இல்லாவிட்டால் யார் கிளிக் பண்ணுவா?

1877-இல் மைபிரிட்ஜ் ஸ்டான்ஃபோர்டின் "ஆக்சிடென்ட்" என்ற குதிரையின் படத்தை வெளியிட்டார். (விபத்து இல்லீங்க, மேற்குத் திசை என்று அர்த்தம்.) பத்திரிகைகள் நம்பவில்லை. காரணம் இருந்தது. வெளியானது நேரடி போட்டோ இல்லை. நெகட்டிவைப் பார்த்து ஓர் ஓவியர் வரைந்ததைத் திரும்பப் படம் பிடித்தது. அன்றைக்கு இப்படி ரீடச் செய்வது சகஜம். ஆனாலும் இதை வைத்து யாரிடம் எதை நிரூபிக்க முடியும்?

அடுத்த ஆண்டு, ஜூன் 15, 1878. பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணை. பத்திரிகைக்காரர்களை நேரில் அழைத்துவிட்டார்கள். டிராக்கின் ஒரு பக்கம் வரிசையாக 12 கேமராக்கள், எதிரே வெள்ளைத் திரை. குதிரை கடக்கும்போது கம்பியோ நூலோ இழுபட்டு, மின்சாரம் பாய்ந்து ஒவ்வொரு ஷட்டராக விழும். அதற்கான மின் அமைப்பை உருவாக்க உதவியவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே இன்ஜினியர். அன்று சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை ஓடும்போது நூல் அறுபடுவதில் மிரண்டு துள்ள, சேணத்தின் வார் அறுந்துபோனது. அங்கேயே கழுவிக் காட்டிய தகட்டில் அந்த அறுந்த வாரும் தெரிந்தது. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? திட்டம் போட்டு வரைய முடியாத ஒன்று படத்தில் விழுந்துவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நாலு நாள் கழித்து எடுத்ததுதான் இன்று நம் பாடப்புத்தகம் வரை வந்திருக்கும் அந்த வரிசைப் படம். அதன் அட்டையிலேயே டேட்டா அச்சாகியிருக்கிறது: ஒரு மைலுக்கு 1 நிமிடம் 40 விநாடி வேகம், படங்களுக்கு இடையே 27 அங்குலம், சுமார் 25-இல் ஒரு பங்கு விநாடி இடைவெளி, எக்ஸ்போஷர் 2000-இல் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவு. சரிபார்ப்போமா? ஒரு மைல் 1609 மீட்டர், 100 விநாடி. வேகம் விநாடிக்கு 16 மீட்டர் சொச்சம். 27 அங்குலம் என்றால் 0.686 மீட்டர். வகுத்தால் 0.043 விநாடி, அதாவது சுமார் 23-இல் ஒரு பங்கு. மனுஷன் பொய் சொல்லவில்லை. எக்ஸ்போஷர் நேரத்தில் குதிரை நகர்வது 8 மில்லிமீட்டர். அதனால்தான் உருவம் கலங்காமல் விழுந்தது. வெட் கொலோடியன் தகட்டுக்கு ஒளி உணர்திறன் மிகக் குறைவு. அவ்வளவு சிறிய நேரத்தில் போதிய வெளிச்சம் கிடைக்காமல் குதிரை கிட்டத்தட்ட நிழலுருவமாகவே பதிந்தது. வெள்ளைத் திரை வைத்தது அதற்குத்தான்.

கேள்விக்கு விடையும் கிடைத்தது. நான்கு காலும் ஒரு கட்டத்தில் தரையை விட்டு எழும்புகின்றன. ஆனால் ழெரிகோ வரைந்தது போல் நீட்டிய நிலையில் இல்லை. வயிற்றுக்கு அடியில் எல்லாக் காலும் மடங்கிச் சேர்ந்திருக்கும் நேரத்தில்.

இப்போது ஃபினிஷிங் கோட்டுக்கு வருவோம். ஓடும் குதிரையைப் படம் பிடிக்க முடிந்துவிட்டது, அப்புறம் யார் ஜெயித்தது என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே? அவ்வளவு ஈஸி இல்லை. இதற்கு 1913 எப்சம் டெர்பியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஜூன் 4, 1913. அந்த டெர்பியின் படம் என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன். ஓடிக்கொண்டிருந்த குதிரைகளுக்கு நடுவே இறங்கி, மன்னரின் குதிரையான ஆன்மர் மோதி விழுந்தார். நான்கு நாளில் இறந்தார். குதிரையும் ஜாக்கியும் அவரும் தரையில் கிடக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தப் படத்தையும் நியூஸ்ரீலையும் நூறு ஆண்டாக அலசுகிறார்கள். எங்கே நின்றார், எப்படி மோதியது என்பதை அவை காட்டும். மனதில் என்ன இருந்தது என்பதை எந்தக் கேமராவும் காட்டாது.

அதே பந்தயத்தின் இன்னொரு படம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஃபினிஷில் க்ராகனூரும் அபோயரும் உரசிக்கொண்டே வந்தன. மக்கள் அதிகம் பணம் கட்டியிருந்த க்ராகனூர் ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்ததாக நடுவர் கண்ணால் பார்த்து அறிவித்தார். பிறகு விசாரணை நடத்தி, மற்ற குதிரையை இடித்ததாகச் சொல்லி அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள். கோப்பை 100-க்கு 1 என்ற விலையில் இருந்த அபோயருக்குப் போனது. (க்ராகனூரின் சொந்தக்காரர், டைட்டானிக் கப்பல் கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மேயின் தம்பி. அந்தக் குடும்பத்துக்கு அடி மேல் அடி.) ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாம் இடம் பற்றி. நடுவர் அறிவித்தது லூவுவா என்ற குதிரையை. ஃபினிஷை எடுத்த போட்டோவில் வேலியை ஒட்டி டே காமெட் என்ற குதிரை அதற்கு முன்னால் தெரிகிறது! மற்ற இரண்டு குதிரைகளும் மறைத்ததால் நடுவர் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டோ வெறும் பத்திரிகைப் படம். அதற்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை. டே காமெட்மேல் பணம் கட்டியவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படியானால் படத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் போதுமா? போதாது. சாதாரண போட்டோவில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று கோணம். கேமரா கோட்டுக்கு நேராக இல்லாமல் வெறும் 2 டிகிரி விலகியிருந்து, இரண்டு குதிரைகளுக்கு நடுவே அகலவாக்கில் 5 மீட்டர் இருந்தால், 5 × டேன் 2° = 17 சென்டிமீட்டர் பிழை. ஒரு மூக்கு வித்தியாசமெல்லாம் இதற்குள் காணாமல் போய்விடும். இன்னொன்று நேரம். மூக்கு கோட்டைத் தொடும் அந்தக் கணத்தில் சரியாக ஷட்டரை அழுத்த மனிதனால் முடியாது. சரி, சினிமா கேமராவில் தொடர்ந்து எடுத்தால்? விநாடிக்கு 24 ஃபிரேம், குதிரை 16 மீட்டர். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே குதிரை 67 சென்டிமீட்டர் போய்விடும். மைபிரிட்ஜ் கேமராக்களின் இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான், பாருங்க! கால் அசைவைப் படிக்க அது போதும். ஜெயித்தது யார் என்று சொல்லப் போதாது.

இதற்கு வந்த தீர்வு, என்னைக் கேட்டால், போட்டோகிராபி வரலாற்றிலேயே அழகான ஐடியாக்களில் ஒன்று. ஷட்டரையே தூக்கிப் போட்டுவிடு.

கேமராவுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் மெல்லிய செங்குத்துப் பிளவு ஒன்று. அதை ஃபினிஷிங் கோட்டுக்கு நேராக வைத்துவிடுகிறோம். கேமராவுக்கு அந்த ஒரு கோடு மட்டும்தான் தெரியும், வேறு எதுவும் தெரியாது. பிளவு திறந்தே இருக்க, பின்னால் ஃபிலிம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு குதிரையின் மூக்கு கோட்டைக் கடக்கும்போது ஃபிலிமில் மூக்கு பதியும். அடுத்த கணம் கழுத்து, பிறகு ஜாக்கி, கடைசியில் வால். கதவிடுக்கு வழியாக ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே, தெரியும் துண்டுகளை வரிசையாக ஒட்டுவது போல. ஆக மொத்தம் படத்தின் எக்ஸ் அச்சு இடம் இல்லை, நேரம். படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே இடத்தில், அதாவது கோட்டின் மேல், வெவ்வேறு நேரத்தில் எடுத்தது.

இதைப் புரிந்துகொண்டால் பழைய ஃபோட்டோ ஃபினிஷ் படங்களின் விசித்திரமெல்லாம் விளங்கிவிடும். பின்னணி ஏன் வெறும் கோடு கோடாக இழுபட்டிருக்கிறது? அங்கே நகராத ஒரே புள்ளி திரும்பத் திரும்பப் பதிகிறது. சில குதிரைகளின் குளம்பு ஏன் பனிச்சறுக்குப் பலகை மாதிரி நீண்டிருக்கிறது? அந்தக் கால் சரியாகக் கோட்டின் மேல் ஊன்றி நின்ற நேரம் முழுக்கப் பதிந்துவிட்டது. யாரோ எடிட் பண்ணிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் முதலில் பின்னணியைப் பாருங்க. கூட்டமும் மரமும் தெளிவாகத் தெரிந்தால் அது சாதாரண போட்டோ. கோடுகளாக இருந்தால் பிளவுக் கேமரா.

ஃபிலிம் என்ன வேகத்தில் நகர வேண்டும்? குதிரையின் பிம்பம் நகரும் வேகத்தில். 2.4 மீட்டர் நீளக் குதிரை ஃபிலிமில் 12 மில்லிமீட்டராக விழுந்தால் 200-இல் ஒரு பங்கு. விநாடிக்கு 16 மீட்டரை 200-ஆல் வகுத்தால் 80 மில்லிமீட்டர். ஃபிலிம் மெதுவாகப் போனால் குதிரை நசுங்கி ஒல்லியாகும், வேகமாகப் போனால் டாஷ்ஹவுண்ட் நாய் மாதிரி நீளும். ஆனால் முக்கியமான விஷயம்: எப்படி நசுங்கினாலும் முன்பின் வரிசை மாறாது. வேகம் தப்பானால் அழகு போகும், தீர்ப்பு போகாது. நல்ல டிசைன் என்றால் இதுதான்.

பாரமவுன்ட் சினிமா கம்பெனியில் இருந்த லொரென்சோ டெல் ரிச்சியோ என்ற இன்ஜினியர் உருவாக்கிய இந்த வகைக் கேமரா, 1937-இல் கலிபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. இங்கிலாந்தில் 1947-இல் எப்சமிலேயே வந்தது. 1949 டெர்பியில் நிம்பஸ் என்ற குதிரையின் வெற்றியைப் படம் பார்த்துத்தான் அறிவித்தார்கள். டே காமெட் போல மறைந்துபோகும் குதிரைக்கும் வழி கண்டார்கள்: கோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு கண்ணாடி. ஒரே படத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இந்தப் படங்களில் என் ஃபேவரிட் 1944 ஜூன் 10, நியூயார்க்கின் அக்விடக்ட் மைதானத்தில் எடுத்தது. கார்ட்டர் ஹேண்டிகேப் பந்தயம். பிரவுனி, பாசெட், வெயிட் எ பிட் என்று மூன்று குதிரைகள், மூன்று மூக்கும் ஒரே செங்குத்துக் கோட்டில். முதலிடத்துக்கு மூன்று பேர் சமம். கண்ணால் பார்த்த நடுவர் இப்படி அறிவித்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

இதில் பணம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் அந்த 2 சென்டிமீட்டரின் கனம் புரியும். பந்தயத்தில் பணம் கட்ட இரண்டு முறை உண்டு. புக்கியிடம் கட்டினால் அவர் சொன்ன விலை. நஷ்டம் வந்தால் அவர் தலையில். இன்னொன்று பாரிஸில் ஜோசப் ஓல்லேர் 1860-களில் கொண்டுவந்த பொதுக் குவியல் முறை. (பின்னாளில் மூலான் ரூழ் கேளிக்கை அரங்கைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.) எல்லோர் பணமும் ஒரே குவியல், நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்ள, மீதி ஜெயித்தவர்களுக்கு. உதாரணமாக மொத்தம் 10,000 ரூபாய், கழிவு 15 சதவீதம், மீதி 8,500. முதல் குதிரைமேல் 5,000 ரூபாய் இருந்தால், அது ஜெயித்தால் ரூபாய்க்கு 1.70. மூன்றாம் குதிரைமேல் வெறும் 500 ரூபாய்தான் என்றால், அது ஜெயித்தால் ரூபாய்க்கு 17. இப்போது இரண்டும் சமம் என்று படம் சொல்கிறது. கட்டிய 5,500-ஐத் திருப்பிக் கொடுத்தபின் லாபம் 3,000. ஆளுக்குப் பாதி, 1,500. முதல் குதிரைக்கு 1.30, மூன்றாவதற்கு 4. பதினேழு நாலாகிவிட்டது! ஃபிலிமில் அந்த 2 சென்டிமீட்டர் என்பது 0.1 மில்லிமீட்டர்.

இந்தக் குவியலைக் கணக்கு வைப்பது இன்னொரு தலைவலி. பல ஜன்னல்களில் ஒரே நேரத்தில் டிக்கெட் விற்கும். எல்லாம் உடனுக்குடன் கூட்டி பலகையில் காட்ட வேண்டும். ஓ.எஸ். பேப்பரில் "ரேஸ் கண்டிஷன்" படித்தோமே, இங்கே நிஜ ரேஸிலேயே அது. ஜார்ஜ் ஜூலியஸ் என்ற ஆஸ்திரேலிய இன்ஜினியர் முதலில் ஓட்டு எண்ணுவதற்காக ஓர் இயந்திரம் டிசைன் செய்தார். அரசு வேண்டாம் என்றது. அதை மாற்றி 1913-இல், அதே டெர்பி ஆண்டில், நியூசிலாந்தில் ஆக்லாந்து பக்கத்து எல்லர்ஸ்லி மைதானத்தில் தானியங்கி டோட்டலைசேட்டராக நிறுவினார். அதன் பழைய போட்டோக்களைப் பாருங்க: பியானோ கம்பிகளும் கப்பிகளும் சைக்கிள் செயினும் பின்னிக் கிடக்கும், கம்ப்யூட்டர் மாதிரியே தெரியாது. ஜூலியஸ் இயந்திரங்களின் சூட்சுமம் எபிசைக்ளிக் கியர். காரின் டிஃபரன்ஷியல் போலத்தான்: இரண்டு தண்டுகள் தனித்தனியே சுற்ற, மூன்றாவது அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஏற்பச் சுற்றும். இரண்டு ஜன்னலில் ஒரே கணத்தில் டிக்கெட் விற்றாலும் ஒன்றும் விடுபடாது; காத்திருக்கவும் வேண்டாம். மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் காலர் தூக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 15 சதவீதத்தை மறந்துவிடாதீங்க. படம் நேர்மை, கியர் நேர்மை, கணக்கும் நேர்மை. இருந்தும் குவியலில் சராசரி ஆள் ஒவ்வொரு ரேஸிலும் 15 சதவீதம் இழக்கிறார். 1,000 ரூபாயை ஐந்து ரேஸ் தொடர்ந்து சுழற்றினால் சராசரியாக மிஞ்சுவது 444. நம் ஊரில் 1974-இல் தமிழ்நாடு அரசு ரேஸ் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது; 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பளித்தது. குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிக்கெட் வாங்குகிறவர் திறமைசாலியாக இருந்தாலும், அந்த 15 சதவீதக் கழிவைத் தாண்டும் அளவுக்கு மற்றவர்களைவிடச் சிறந்தவராக இருக்க வேண்டும்.

பணம் கட்டாமலே இதை அனுபவிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டே வருகிறதல்லவா? 100 மீட்டர் ஃபினிஷிங் கோட்டுக்குச் சரியாக நேரே போனை டிரைபாடில் அசையாமல் நிறுத்தி, 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்க. பைத்தானில் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் கோடு விழும் அந்த ஒரே பிக்சல் நெடுவரிசையை மட்டும் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்க. பத்துப் பதினைந்து வரி கோடு போதும். விநாடிக்கு 8 மீட்டர் ஓடுபவருக்கு ஒரு நெடுவரிசை என்பது 3.3 சென்டிமீட்டர், குதிரை அளவுக்குத் துல்லியம் வேண்டாம், நெஞ்சு முந்தியது யாருடையது என்று தெரிந்துவிடும். ஓடுபவர்கள் இடமிருந்து வலம் வந்தால், புது நெடுவரிசையை ஒவ்வொரு முறையும் இடது பக்கம் ஒட்டணும். மாற்றி ஒட்டினால் எல்லோரும் பின்பக்கமாக ஓடுவார்கள்.